தமிழில் எப்படிக் கேட்பது

ருஸ்தியை அடக்கம் செய்த நாளில்
தெலோக் பிளாங்காவில் மழை இல்லை.
இருந்திருந்தால் மழையைப் பற்றியாவது பேசியிருக்கலாம்.
புளோக்கின் கீழ்த்தளத்தில்
பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.
அடுக்கியதைப் பிரித்து
மறுபடி அடுக்கினோம்.

தெற்குத் தீவிலிருந்து கரைக்கு மாற்றப்பட்டவர்கள்
அவன் வீட்டார்.
படகு இருந்த இடத்தில் லிஃப்ட் வந்தது.
மூன்றாம் தலைமுறையையும் தீவுக்காரர்கள் என்றே சொல்கிறார்கள்.
அவனுக்கு நீச்சல் தெரியாது.

இரண்டு வருடத்தில் இது இரண்டாவது.
பெரியவர்கள் ‘காய்ச்சல்’ என்றார்கள்,
பிறகு பேச்சை மாற்றினார்கள்.

அவன் அக்கா அஃபீகாதான் பேனா எடுத்தாள்.
காலண்டர் தாளின் பின்பக்கம் ஏழு கட்டம்.
இரவு பதினொன்று முதல் நான்கு வரை
ஒரு போன், ஓர் ஆள்.
குழுவுக்குப் பெயர் ‘ஓய்’.
எங்கள் எல்லார் மொழியிலும் அது கூப்பிடுகிற சத்தம்.

நான்கு சனிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து வந்த பெண்
திரும்பத் திரும்பச் சொன்னாள்:
நேராகக் கேளுங்கள். கேட்பதால் விதை விழாது.
கேட்டபின் தனியே விடாதீர்கள்.
உங்களால் முடியாதபோது எங்களைக் கூப்பிடுங்கள்.

மலாயும் சீனமும் ஆங்கிலமும்
ஒரே பிற்பகலில் முடிந்தன.
தமிழ் என் பங்கு. இரண்டு வாரம் இழுத்தேன்.

இந்த மொழியில் சாவு மலிவு.
பஸ் தாமதமானால் ‘சாவடிக்கிறான்’.
சிரிப்பு தாங்காவிட்டால் ‘செத்தேன்’.
‘செத்துத் தொலை’ என்று திட்டிய கையோடு
அம்மா இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.
சற்று நேரத்தைக்கூடச்
‘செத்த நேரம்’ என்கிறோம்.
கேட்பதற்கு மட்டும் ஒரு வாக்கியம் இல்லை.

‘தற்கொலை எண்ணம் உள்ளதா’ என்று எழுதினேன்,
கையெழுத்துப் போடச் சொல்லும் படிவம் போலிருந்தது.
‘மனசு சரியில்லையா’ என்று எழுதினேன்,
அதற்கு உலகமே ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்லும்.
கடைசியில் இவ்வளவுதான்:
சாகணும்னு தோணுதா? சொல்லு.
நான் எங்கயும் போகல.

ஃபிர்தௌஸ் எங்களில் சின்னவன். பதினைந்து.
முன்கையில் ஆங்கில எழுத்தில் அதை எழுதிக்கொண்டு
லிஃப்டில் ஏறி இறங்கி மனப்பாடம் செய்தான்.
அவன் நாக்குக்கு ‘ண’ வளையவே இல்லை.
ருஸ்திக்குப் பிறகு நாங்கள் முதன்முதலாகச் சிரித்தது
அந்த ‘ண’வுக்குத்தான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
முறை அவனுடையது.
போன் செய்தது நான்.

காரணம் கேட்காதீர்கள், பெரிதாக ஒன்றுமில்லை,
அதுதான் பயமாக இருந்தது.
பரீட்சை பற்றிச் சொன்னேன்.
கார் நிறுத்துமிடத்துப் பூனை,
அதன் ஒரு காது பற்றிச் சொன்னேன்.
அவன் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தான்.
பிறகு ‘ம்’ நின்றது.
பிறகு, என் மொழியில்:

சாகனும்னு தோனுதா, அக்கா? சொல்லு.

நான் எழுதிய வாக்கியம்
பிழையோடு
என்னிடமே வந்தது.

ஆமா, என்றேன்.

அடுத்த வரி அவனுக்கு மறந்துவிட்டது.
‘ஆகு சினி, ஆகு சினி’ என்றான் மலாயில்,
இங்கேதான் இருக்கேன், இங்கேதான்.
எங்கள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை
அதையே சொன்னான்.
பின்னால் அஃபீகா, தலைமுடி கலைந்து,
பாதித் தூக்கத்தில் மைலோ பாக்கெட் மூன்றோடு.

முதல் பஸ்ஸில் மூவரும் கிளினிக் போனோம்.
அன்று பள்ளிக்குப் போகாததற்கு
ஃபிர்தௌஸ் வாங்கிய திட்டு
எனக்கு இன்னும் கடன்.

ஆறு மாதம் வரிசையில் என் பெயர் இல்லை.
அஃபீகா அந்த விஷயத்தில் கறார்.
மாத்திரை வேளைக்குப் போடுகிறேன்.
சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை.
ருஸ்தி எந்த நாளும் இல்லை.

இன்று செவ்வாய். மணி இரண்டு பத்து.
பக்கத்தில் ஆறிப்போன மீ கோரெங்.
திரையில் யாரோ எழுதுகிறார்கள்,
நிறுத்துகிறார்கள்,
மறுபடி எழுதுகிறார்கள்.

ஓய், என்று அனுப்புகிறேன்.